பக்கோடாவின் வலது கால்

அவள் மண்டியிட்டு, நாயின் பின்னங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது கால். அது தரையைத் தொடவில்லை.

பக்கோடாவுக்கு ஆபரேஷன் ஆகி இன்று தொண்ணூறாவது நாள். லாரி ஏறியதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு விரல்கடை நீளத்துக்கு நொறுங்கிப் போனது. காலை எடுத்துவிடலாம் என்றார் கால்நடை மருத்துவமனையின் தலைமை மருத்துவர். சின்ன டாக்டரான அவள்தான் பிடிவாதமாக மூன்று மாதம் கேட்டு வாங்கினாள்.

எலும்பு நொறுங்கிய இடைவெளியில் அவள் வைத்தது சாக்பீஸ் துண்டு அளவுக்கு ஒரு பீங்கான். உடம்பு மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்ளும் பீங்கான். உள்ளே பஞ்சு மாதிரி ஆயிரம் ஓட்டை. ஓட்டைகளில் பக்கோடாவின் வயிற்றுக் கொழுப்பிலிருந்தே எடுத்து வளர்த்த ஸ்டெம் செல்கள்.

அவை எலும்பாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளை காலை கால் போய்விடும்.

எக்ஸ்ரேயில் அந்த இடம் வெள்ளையாகத்தான் இருந்தது. தலைமை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது எலும்பா, நீ வைத்த பீங்கானா என்று கேட்டார். இரண்டுமே படத்தில் வெள்ளைதான். நியாயமான கேள்வி என்பதாலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஊன்றிக் காட்டட்டும், நம்புகிறேன் என்றார்.

பக்கோடாவா சொன்னால் கேட்கும்? பிஸ்கட்டைக் காட்டினாள். மூன்று காலில் வந்து தின்றது. இன்னொன்று காட்டினாள். அதற்கும் மூன்று கால்தான்.

அதை வளர்க்கும் இஸ்திரிக்கார மரகதம், முந்தானையைக் கையில் சுருட்டியபடி நின்றாள்.

அப்போதுதான் பக்கோடாவின் கண் வாசலில் நின்ற காரில் விழுந்தது. தலைமை மருத்துவரின் புதுக் கார். முந்தாநாள் எடுத்தது. பானெட்டில் சந்தனம்கூட உதிரவில்லை.

நொண்டிக்கொண்டே போய், காருக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்தது. பின் டயரை ரசித்து மோந்தது.

தொண்ணூறு நாளாக அது தூக்கியதெல்லாம் உடைந்த காலைத்தான். அது சௌகரியம்.

ஆனால் இங்கே டயர் இடது பக்கம் இருந்தது. திரும்ப இடமில்லை.

கொஞ்சம் யோசித்தது.

வலது காலை ஊன்றியது. இடது காலைத் தூக்கியது.

மரகதம் பதறிப்போய் விரட்ட ஓடினாள். தலைமை மருத்துவர் கையை நீட்டி மறித்தார்.

"இருங்கம்மா. நல்லா முடிக்கட்டும்."

சின்ன டாக்டர் வாட்ச்சைப் பார்த்து எண்ணினாள். பதினான்கு விநாடி.

முடித்துவிட்டு, பக்கோடா முன் டயரைப் பார்க்கப் போனது.

நான்கு காலில்.