உயிர் இருக்கிற இடம்

"மச்சான், விளையாட இது நேரமில்ல. சர்வருக்குப் பின்னாடி செருகியிருந்த பென்டிரைவை மரியாதையா எடுத்துக் கொடு!"

வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்த மைத்துனன் திருதிருவென விழித்தான். "எந்தப் பென்டிரைவ் அத்தான்?"

"கறுப்பா, நகத்தளவு இருக்குமே, அது! வேன்ல பாட்டுக் கேக்கறதுக்குக் கண்ணுல பட்ட பென்டிரைவையெல்லாம் சுருட்டற ஆள் நீதானே?"

"சத்தியமா நான் தொடல. அந்த ரூம் பக்கம்கூட வரல!"

குடும்பமே சேர்ந்து நடத்தும் ஸ்கேன் சென்டர் அது. மாமனார் முதலாளி, மகள் டாக்டர், மகன் வேன் ஓட்டுகிறான், மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை. ரிசப்ஷன், பில்லிங், ஸ்கேன் படங்கள் என்று தனித்தனியாக இருந்த பழைய மெஷின்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே சர்வருக்குள் அத்தனையையும் குடிவைத்தவன் அவன்தான்.

"ஒரே பெட்டிக்குள்ள இத்தனை கம்ப்யூட்டரா? கூட்டுக் குடும்பம்னு சொல்லுங்க!" என்று மாமனார் அன்றைக்கு ஓட்டித் தள்ளினார்.

"எல்லாத்தையும் எழுப்பி விடறது இந்தப் பென்டிரைவ்தான் மாமா. உயிரே இதுலதான் இருக்கு."

"அட, கிளிக்குள்ள உயிரை வச்ச அரக்கன் கதையால்ல இருக்கு!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

இன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தெருவில் டிரான்ஸ்பார்மர் மாற்றுகிறார்கள். ஜெனரேட்டர் மக்கர் செய்துவிட்டது. மேஜைக் கம்ப்யூட்டர்களும் இன்டர்நெட்டும் அணைந்துவிட, சர்வர் மட்டும் யுபிஎஸ் பாட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று டார்ச் அடித்துப் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். பென்டிரைவ் இருந்த இடம் காலியாக இருந்தது.

மனைவி வேகமாக உள்ளே வந்தாள். "என்னங்க, தலையில அடிபட்டு வந்தவரோட ஸ்கேன் படம் சர்வர்லதான் இருக்கு. அதைப் பாத்துட்டுத்தான் ஆபரேஷனே ஆரம்பிப்பேன்னு சர்ஜன் காத்துக்கிட்டிருக்கார். கரண்ட் வந்ததும் அனுப்பிடலாம்ல?"

"கரண்ட் வந்தா மட்டும் போதாது. பென்டிரைவைக் காணோம்."

"அது இல்லாம இப்ப எப்படி ஓடுது?"

"கிளம்பறதுக்குத்தான் அது வேணும். கிளம்பிட்டா மெமரியிலயே ஓடும், பிடுங்கினாலும் தெரியாது. வச்ச நாள்லேருந்து நான் ஒரு தடவைகூட அணைக்கல. இப்ப பாட்டரி தீர்ந்து நின்னுச்சுன்னா, மறுபடி எழுந்திரிக்காது. எல்லாத்தையும் புதுசா போட அரை நாள் ஆகும்."

"அரை நாளா? அந்த மனுஷன் தாங்க மாட்டாருங்க!" சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. கொஞ்ச மாசமாவே அடிக்கடி நெஞ்சுல கை வச்சுக்கறார். கேட்டா ஒண்ணுமில்லங்கறார். இசிஜி எடுக்கலாம்னா எரிஞ்சு விழறார்."

கண்ணாடிக் கதவு வழியாக அவன் எட்டிப் பார்த்தான். மாமனார் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை இடது மார்பைத் தடவிக்கொண்டிருந்தது.

யுபிஎஸ் விட்டு விட்டுக் கீச்சிட்டது, பிறகு விடாமல் அலறியது. அப்புறம் அதுவும் ஓய்ந்து, சர்வரின் விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

கொஞ்ச நேரத்தில் விளக்குகள் எரிந்தன. ரிசப்ஷனில் யாரோ கை தட்டினார்கள். அவன் கடவுளே கடவுளே என்று சர்வரின் பொத்தானை அழுத்தினான். விசிறிகள் சீறின. திரையில் ஒரே ஒரு வரி வந்தது. கிளம்ப எதுவும் கிடைக்கவில்லை என்றது.

டெலிபோன் மணி அடித்தது. "சர்ஜன்தான்! நான் என்ன சொல்றது?" என்று மனைவி தவித்தாள்.

அவன் பாய்ந்து மைத்துனனின் சட்டையைப் பிடித்தான். "ஒரு உயிர் போகப் போகுதுடா! எங்கடா வச்சே?"

"அம்மா மேல ஆணையா நான் எடுக்கல அத்தான்!" என்று அவன் அழாத குறையாகக் கத்தினான்.

சத்தம் கேட்டு மாமனார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் வேர்வை. கை நெஞ்சை அழுத்திப் பிடித்திருந்தது.

"அப்பா!" என்று அலறினாள் மகள். "ஐயோ, பிடிங்க அவரை! தம்பி, ஸ்ட்ரெச்சர் கொண்டு வாடா!"

மாப்பிள்ளை சர்வரை மறந்தான். ஓடிப்போய் அவரைத் தாங்கிக்கொண்டான். "மாமா, ஒண்ணுமில்ல, பதறாதீங்க. எது போனாலும் போகட்டும், நீங்க முதல்ல உக்காருங்க."

"அட விடுங்க, எனக்கென்ன கேடு!" அவர் கையை உதறிவிட்டு, சட்டையின் உள்பாக்கெட்டுக்குள் விரலை விட்டு, முடிச்சுப் போட்ட கைக்குட்டை ஒன்றை எடுத்துப் பரபரவென்று பிரித்தார். உள்ளே கறுப்பாக, நகத்தளவில் அது இருந்தது.

"அரக்கனே உயிரை ஏழு கடல் தாண்டி ஒளிச்சு வச்சான், நீங்க என்னடான்னா பெட்டிக்குப் பின்னாடி தொங்க விட்டுட்டுப் போறீங்களே மாப்பிள்ளை! மறுநாளே எடுத்துப் பத்திரப்படுத்திட்டேன். அன்னையிலேருந்து, இருக்கா இருக்கான்னு நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்கேன்!"