கண்ணெடுக்காமல்

கவிநிலாவின் வாயிலிருந்து சிலம்பரசன் கண்ணை எடுக்கவே இல்லை.

கடைசி மேசையில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் அவன் மனைவி கார்குழலி. வருவதாக அவனிடம் சொல்லவில்லை. சாரத்தில் இருக்கும் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து, கடற்கரைக்குப் பின்தெருவில் இருக்கும் இந்த ஹோட்டலுக்குத் தனியாக வந்திருந்தாள்.

இன்னும் வெளிச்சம் போகவில்லை. அதற்குள் எல்லா மேசையும் நிறைந்துவிட்டது.

வாசல் பலகையில் அவன் பெயர்தான் பெரிதாக இருந்தது. பாடுகிறவள் பெயர் அதற்குக் கீழே, சின்னதாக.

தட்டாஞ்சாவடியில் தகடு வெட்டும் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே கல்யாண மண்டபங்களில் கிட்டார் வாசித்தவன். இப்போது சனிக்கிழமையானால் அவன் வாசிப்பைக் கேட்க பெங்களூரிலிருந்து காரில் வருகிறார்கள். அடுத்த மாதம் சென்னையில் பெரிய மேடை. பட்டறையை விட்டு நாளாகிவிட்டது. ஜெயித்துவிட்டான் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்.

ஜெயித்த பிறகுதான் மாறினான்.

சமையலறையிலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. யார் போன் செய்தாலும் எடுப்பதில்லை, மெசேஜ் போடச் சொல்கிறான். பாட்டு பழக கவிநிலா வீட்டுக்கு வந்தால் மட்டும் அறைக்கதவு சாத்திக்கொள்ளும். ஏன் என்று கேட்டால் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்பான்.

வேறு பாடகியைப் போடலாமென்று ஹோட்டல்காரர் சொன்னதற்கு, கவிநிலா இல்லையென்றால் தானும் இல்லை என்று சொல்லிவிட்டானாம். அதைக் கேள்விப்பட்ட அன்றிலிருந்து கார்குழலிக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து மேசைப் பெண் தன்னோடு வந்தவனிடம், அந்த ரெண்டு பேரும் புருஷன் பெண்டாட்டியாகத்தான் இருக்கும், பார்வையைப் பார் என்றாள்.

கார்குழலி தண்ணீர் டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டாள். கேட்க வேண்டியதை ஆட்டோவிலேயே யோசித்து வைத்திருந்தாள். எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவது என்றுதான் வந்திருந்தாள்.

அப்போது தட்டு ஏந்தி வந்த சர்வர் மேடை ஓரத்தில் இடறினார். கிட்டாரிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிக்குப் போகிற வயர் பிடுங்கிக்கொண்டது.

கிட்டார் சத்தம் நின்றுபோனது. கவிநிலாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. மேசைகளில் தலைகள் நிமிர்ந்தன.

சிலம்பரசன் நிறுத்தவில்லை.

விரல்கள் கம்பிகளில் ஓடிக்கொண்டே இருந்தன. முகத்தில் அதே சிரிப்பு. கண் அவள் வாயிலேயே இருந்தது.

கவிநிலா பாட்டை விடவில்லை. ஆடுவதுபோல நகர்ந்து, முகத்தை அவனைவிட்டுத் திருப்பாமலே முழங்கால் மடக்கி, தடவித் தடவி வயரைப் பெட்டியில் செருகினாள். கிட்டார் சத்தம் திரும்பி வந்தது, பாட்டின் சரியான இடத்துக்கு. அதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

அவள் கை வயரில் இருப்பதை அப்போதுதான் அவன் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. யார் யார் கவனித்தார்கள் என்று மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவன், கடைசி மேசையில் கார்குழலியைக் கண்டான்.

பாட்டு முடிந்ததும் இறங்கி வந்தான், கிட்டார் தோளில் தொங்க. பின்னாலேயே கவிநிலாவும் வந்து சற்றுத் தள்ளி நின்றாள். எப்போது வந்தாய் என்று கேட்டான். கேட்டுவிட்டுக் கார்குழலியின் வாயைப் பார்த்தபடி நின்றான்.

வீட்டிலும் இப்படித்தான் நின்றிருக்கிறான், எத்தனையோ நாளாக. கண்ணைப் பார்க்கக் கூசுகிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

யோசித்து வைத்திருந்த கேள்வியை விட்டுவிட்டாள்.

கார்குழலி உதடுகளை மட்டும் அசைத்தாள். துளி சத்தம் வெளியே வரவில்லை.

"வீட்டுக்குப் போலாமா?"

"இரு, கிட்டார வச்சிட்டு வந்துடறேன்" என்றான் சிலம்பரசன்.

கவிநிலாவுக்கு அந்தப் பதில் மட்டும்தான் கேட்டது. அவள் கார்குழலியைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.