தரை டிக்கெட்

முக்கூடலில் ஓட்டம் நின்றுபோன தன் தியேட்டரை, 1996இல் அம்மையப்பன் கல்யாண மண்டபமாக மாற்றினார். தரை டிக்கெட் பகுதியிலிருந்த மணலை அள்ளிவிட்டு சிமெண்டு போட்டார். மறுநாள் காலை சிமெண்டின் மேல் வரிசையாக மணல்மேடுகள் இருந்தன. படம் தெரிவதற்காக ஆளாளுக்குக் குவித்து உட்காருவார்களே, அதே மேடுகள்.

“நாளைக்கு எம் மவ கல்யாணம்லே! எவன உள்ள விட்ட?” காவலாளி மாசானத்தின் சட்டையைப் பிடித்தார்.

“சாவி உங்க மடியிலதான மொதலாளி இருக்கு?”

ஆத்திரம் தாளாமல் அம்மையப்பன் நடுவில் நின்று ஒரு மேட்டை எட்டி உதைத்தார்.

“தல மறைக்குல்லா! உக்காரும்வே!”

அவரைவிடக் கோபமான குரல். திரும்பினார். பின்னால் யாருமில்லை. மேடுகளின் உச்சி மட்டும் ஒவ்வொன்றாக அமுங்கிக்கொண்டிருந்தது.