சூனியக்காரி வரும் இடம்

ஞாயிறு மதியம். கடையைச் சாத்திவிட்டு வந்த கறிக்கடைக்காரர் சோபாவின் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். டிவியில் அவர் மனைவிக்கு உயிரான அந்தச் சூனியக்காரி படம். திரைச்சீலை இடுக்கு வழியே வெயில் ஒரு கோடாக நுழைந்து, அவள் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்துபோன இடத்தில் விழுகிறது. அவள் செத்த பிறகும் அந்தக் குழி மேடேறவில்லை. “கத்தி புடிக்கிற ஆளு, ஒரு கெழவி சிரிச்சா கண்ண மூடிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?” என்று கேட்டுவிட்டு, அவருக்கும் சேர்த்து அவளே பார்ப்பாள். சூனியக்காரி மறைந்ததும் விலாவில் முழங்கையால் ஒரு இடி: “போயிட்டா, தொறங்க.” இப்போது படத்தில் காற்று ஊளையிடுகிறது, கதவு தானாகத் திறக்கிறது. கிழவி சிரிக்கத் தொடங்க, அவர் கண்ணைப் பொத்திக்கொள்கிறார். சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுப் பெண், “அண்ணே, சத்தத்தக் கொஞ்சம் கொறைங்களேன், இப்பத்தான் கொழந்த தூங்குச்சு!” என்கிறாள். “சரிம்மா, சரிம்மா.” கண்ணைத் திறக்காமலே ரிமோட்டைத் தடவி எடுத்து, சத்தத்தை ஒரேயடியாக அடக்கிவிடுகிறார். சிரிப்பு நின்றுவிடுகிறது. சூனியக்காரி போய்விட்டாளா, இன்னும் அங்கேயே நிற்கிறாளா, தெரிந்துகொள்ள வழியில்லை. மின்விசிறி மட்டும் கறகறக்கிறது. திரையில் எப்போதோ சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. ஒரு தாய் நுரையை ஊதிக்கொண்டிருக்கிறாள். எத்தனை முறை கழுவினாலும் கறி வாடை போகாத விரல்களைக் கண்மேல் அழுத்தியபடி, அவர் குழிந்த இடத்தின் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து, விலாவைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.