நான்கு பேரின் சராசரி

சோதனையில் புதிய சிறுநீரக மாத்திரை பழைய மாத்திரையை வென்றுவிட்டதாக ஆய்வுக்கூடத்து இயந்திரம் அறிவித்தது. புள்ளியியலாளர் சகாயமேரி பட்டியலைப் பார்த்தாள். மாத்திரை சாப்பிட்ட நாற்பது பேரில் நால்வர் அபாரமாகத் தேறியிருந்தார்கள். அவர்கள்தான் சராசரியைத் தூக்கிவிட்டார்கள். மற்ற முப்பத்தாறு பேருக்கும் நோய் முற்றியிருந்தது.

"சராசரிய வச்சு ஏன் ஒப்பிட்ட?" என்று இயந்திரத்திடம் கத்தினாள்.

"பதினெட்டு விதமா ஒப்பிட்டேன், மேடம். இதுல மட்டும்தான் மருந்து ஜெயிச்சுது. அறிக்கைய ஒத்துக்கிட்டு கைரேகை வைங்க," என்றது இயந்திரம்.

அவள் ரேகை வைக்காமல், பட்டியலின் முதல் நோயாளியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணே, அந்த மாத்திரைய இனிமே போடாதீங்க. உடனே டாக்டரப் பாருங்க."

"அதான் கால் வீங்குதா, தாயி?"

மேலாளர் பதறி ஓடிவந்தபோது அவள் பதினோராவது ஆளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.