நின்றுபோன வயிற்றுப்போக்கு

ஜன்னல் வெயில் கட்டிலின் பாதி வரை வந்து நிற்கிறது. பேருந்து ஓட்டுநரின் மனைவி வாயெல்லாம் பல்லாக எழுந்து நிற்கிறாள். "நேத்து ராத்திரியோட போக்கு நின்னுடுச்சு டாக்டரம்மா. மனுஷன் கக்கூஸ் பக்கமே போகல." குடலில் கிருமி புகுந்து இத்தனை நாளும் உலுக்கி எடுத்த மனிதர், சிரிக்க முயன்று காய்ந்த உதட்டை நக்கிக்கொள்கிறார். ரத்தப் பரிசோதனைச் சீட்டும் அவள் கட்சிதான்: வெள்ளை அணுக்கள் நேற்றைக்குப் பாதியாய் இறங்கியிருக்கின்றன. டாக்டருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. இவ்வளவு சமர்த்தாய் எந்தக் கிருமியும் கிளம்பிப் போய் அவர் பார்த்ததில்லை. போர்வையை விலக்குகிறார். பூசணிக்காயாய் உப்பிய வயிறு, விரலால் தட்டியதும் மத்தளம்போல் ஒலிக்கிறது. ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் காத்திருக்கிறார். குடல் மூச்சு விடவில்லை; போக்கு நின்றது குணமாகி அல்ல, குடலே அசையாமல் நின்றுபோனதால். நாடியோ தலைதெறிக்க ஓடுகிறது. சலைன் இறங்கிக்கொண்டிருக்கும் இடது கையில் அவர் பார்வை நிற்கிறது. ஊசிக்குச் சற்று மேலே, புதிதாய் ஒட்டிய பஞ்சு. "காலையில ரத்தம் இந்தக் கையிலயா எடுத்தாங்க?" "ஆமாம்மா. அந்தக் கை குத்திக் குத்திப் புண்ணாக் கெடக்கு. நான்தான் இதுலயே எடுங்கன்னு கெஞ்சினேன்." அப்படியானால் ஆய்வகத்தில் எண்ணியது பாதி ரத்தம், பாதி சலைன். டாக்டர் சீட்டைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி ரத்தம் எடுக்க, புண்ணான வலது கையில் ரப்பர் பட்டையை இறுக்குகிறார். "ஆபரேஷன் டாக்டரை உடனே வரச் சொல்லுங்க," என்கிறார், பின்னால் நிற்கும் நர்ஸிடம். எங்கே இறங்குவதென்று தெரியாமல், மனைவியின் சிரிப்பு இன்னும் முகத்திலேயே நிற்கிறது.