ரெஜினாவுக்காக அழுதவர்

ஞானதாஸின் வண்டி மோதி ரெஜினா இறந்து அன்று பத்தாம் நாள். அந்த நகரத்தில் தண்டனை கிடையாது. துக்கத்தையும் குற்ற உணர்வையும் ஓர் ஊசியில் எடுத்துவிடுவார்கள். பத்து நாளுக்குள் போட்டாக வேண்டும். ஞானதாஸ் மட்டும் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. அவர் ரெஜினாவின் அப்பா காலில் போய் விழுந்தார்.

"தப்பு என் மேலதான். நாலு வார்த்தை திட்டிடுங்கய்யா."

"எதுக்குத் தம்பி? மூணாம் நாளே ஊசி போட்டாச்சு. எந்திரிங்க, காப்பி சாப்பிடுங்க."

"மகளை நினைச்சு அழுகை வரலையா?"

"ஏன் வரணும்?" என்று பெரியவர் உண்மையாகவே கேட்டார்.

வாசலில் செவிலி காத்திருந்தாள்.

"அந்தப் பொண்ணுக்காக அழ வேற யாருமே இல்லம்மா" என்று ஞானதாஸ் கெஞ்சினார்.

"ஆமா சார், உங்களோட முடிஞ்சிடும்" என்று அன்பாகச் சொல்லி, அவர் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.